எந்த மிதிவண்டி பொருந்தும்?

சிங்கப்பூரில் மிதிவண்டி ஓட்டுபவர் ஒரே நாளில் பலவகைத் தரையைக் கடந்துவிட முடியும். 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்கா இணைப்புப் பாதைகள் பெரும்பாலும் சமமாகவும் கெட்டியாகவும் இருக்கின்றன. பழைய ரயில்பாதைத் தடம் அப்படி இல்லை. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதன்பின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரியதானது. அதில் பல இடங்களில் மண்ணும் சரளைக்கற்களும் உண்டு. சாங்கியிலிருந்து படகேறிப் புலாவ் உபினுக்குச் சென்றால், பாதை இன்னும் கரடுமுரடாகும்.

இப்படிப்பட்ட கலப்புப் பாதைகளுக்கு ஏற்றது ‘கிரேவல் பைக்’ எனப்படும் சரளைப்பாதை மிதிவண்டி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் தார் போடாத சாலைகள் மிகுதி. அங்குள்ள எம்போரியா நகரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்வகை மிதிவண்டி பரவ உதவியது. எனினும், பந்தயத்தில் கலந்துகொள்பவர்தான் இதை வாங்க வேண்டும் என்பதில்லை. வார இறுதியில் நண்பர்களுடன் நிதானமாக ஓட்ட விரும்புபவருக்கும் இது பயன்படும்.

சரளைப்பாதை மிதிவண்டியின் கைப்பிடி, பந்தய மிதிவண்டியின் கைப்பிடியைப் போலவே ஆட்டுக்கொம்பாக வளைந்திருக்கும். ஆனால், டயர்கள் அகலமானவை. டயரின் பக்கவாட்டில் 700×40 என்று அச்சிடப்பட்டிருந்தால், 40 என்பது அதன் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக நிரப்பலாம். அப்போது கற்களின் அதிர்வை டயரே பெருமளவு தாங்கிக்கொள்ளும். கைகளும் முதுகும் விரைவில் வலிக்கா.

எஃகு ஏன்?

மிதிவண்டியின் எலும்புக்கூடு போன்றது அதன் சட்டகம். குறைந்த விலை மிதிவண்டிகளின் சட்டகம் பெரும்பாலும் அலுமினியத்தாலோ எஃகாலோ செய்யப்படுகிறது. ஒரே பருமனளவுள்ள அலுமினியத்தைவிட எஃகு ஏறத்தாழ மூன்று மடங்கு எடை கொண்டது. அப்படியானால் எஃகு மிதிவண்டியும் மூன்று மடங்கு கனக்குமா? கனக்காது. எஃகு ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பும் கொண்டது. எனவே, மெல்லிய குழாய்களே போதும். முடிவில் ஒன்றிரண்டு கிலோகிராம் மட்டுமே கூடுதலாகலாம். பந்தய வீரருக்கு அது பெரிய சுமை. நம் ஊரின் சமமான பாதைகளில் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அது ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை உடன் எடுத்துச் செல்வதைப் போன்றதுதான்.

எஃகில் இரண்டு வகைகளை அறிந்திருப்பது நல்லது. ஒன்று, சாதாரண எஃகு. இது மலிவானது, ஆனால், தேவையான வலிமைக்குக் குழாயைத் தடிப்பாகச் செய்ய வேண்டியிருப்பதால் கனம் கூடும். மற்றொன்று, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ‘குரோமோலி’ எஃகு. இது கூடுதல் வலிமை உடையது என்பதால் குழாயை மெல்லியதாகச் செய்ய முடியும். எந்த வகை என்பதைச் சட்டகத்தில் ஒட்டியுள்ள வில்லை பல நேரம் காட்டிவிடும். வில்லை இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்கலாம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் எஃகில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. ஆனால், எஃகின் வகையைக் காந்தம் காட்டாது.

எஃகுக்கு ஒரு பகையும் உண்டு, அது துரு. மழையும் ஈரக்காற்றும் மிகுந்த நம் நாட்டில், கடற்கரை ஓரமாக ஓட்டுபவர் இதை மறக்கக்கூடாது.

உடலே அளவுகோல்

விலையையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும். மிதிவண்டியின் மேல்குழாயின் இருபுறமும் காலூன்றி நின்றால், உடலுக்கும் குழாய்க்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து, மிதியைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைக்கும்போது முழங்கால் சற்றே மடங்க வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கைகள் சிறிது வளைந்திருப்பதும், விரல்கள் பிரேக்கை எளிதாக எட்டுவதும் தேவை.

பதின்ம வயதினர் வளர்ந்துகொண்டே இருப்பவர்கள். “இரண்டு ஆண்டுகளில் சரியாகிவிடும்” என்று பெரிய மிதிவண்டியை வாங்கிக்கொடுப்பது சில குடும்பங்களின் வழக்கம். பள்ளிச் சீருடைக்கு அது பொருந்தலாம், மிதிவண்டிக்குப் பொருந்தாது. கால் தரையை எட்டாதவரால் திடீரென நிற்க முடியாது. இன்றைய உடலுக்குப் பொருந்துவதையே வாங்கி, இருக்கையை உயர்த்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

900 வெள்ளிக் கணக்கு

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவன் ஒருவனிடம் 900 வெள்ளி சேமிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் உள்ள புதிய மிதிவண்டியின் விலை 860 வெள்ளி; அதன் சட்டகம் சாதாரண எஃகு. தெரிந்தவர் ஒருவர் தம் குரோமோலி மிதிவண்டியை 600 வெள்ளிக்குத் தர முன்வருகிறார். இரண்டும் அவன் உயரத்திற்குப் பொருந்துகின்றன.

“அம்மா, புதியது 860 வெள்ளிதான். என்னிடம் இருக்கும் பணத்திற்குள் அடங்கிவிடுகிறதே!”

“வண்டி அடங்கிவிடும், கண்ணா. தலைக்கவசம், விளக்கு, பூட்டு எல்லாம் எதில் அடங்கும்?”

“அவற்றை அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்.”

“அதுவரை தலையை வீட்டில் வைத்துவிட்டா போவாய்?”

மகன் சிரித்தான். ஆனால், தாளை எடுத்துக் கணக்கும் போட்டான். தலைக்கவசம் 60, விளக்குகள் 40, பூட்டு 40, புதிய டயர்கள் 100, பழுதுபார்ப்பு 60. இந்த 300 வெள்ளியுடன் பழைய வண்டியின் 600 வெள்ளியும் சேர்ந்தால் சரியாக 900 வந்தது.

இதனால் பழையதே எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. புதியதற்கு உத்தரவாதம் உண்டு. பழையதற்குப் பெரும்பாலும் இல்லை. விலைச்சீட்டில் உள்ள தொகை முழுச் செலவாகாது என்பதே இந்தக் கணக்கு உணர்த்தும் செய்தி.

பழையதை வாங்குமுன்

பயன்படுத்திய மிதிவண்டியைப் பகல் வெளிச்சத்தில் சோதிப்பது நல்லது. குழாய்கள் சேரும் இடங்களில் விரிசலோ, வண்ணம் கொப்புளித்தோ இருந்தால் எச்சரிக்கை தேவை. கொப்புளத்தின் அடியில் துரு ஒளிந்திருக்கலாம். இருக்கைத் தண்டு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றினால் அது பக்கவாட்டில் ஆடக்கூடாது. மேலோட்டமான துருவைத் தேய்த்து நீக்கி வண்ணம் பூசலாம். விரிசல் விட்ட சட்டகத்தை வாங்காமல் இருப்பதே நன்று. திருட்டுப் பொருளாக இருந்துவிடாமல் இருக்க, பழைய ரசீதைக் கேட்டுப் பார்ப்பதும் அவசியம்.

பிரேக்குகளிலும் கவனம் தேவை. கம்பியால் இயங்கும் வட்டு பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்யப் பழகலாம். எண்ணெயால் இயங்குவது குறைந்த விசையிலேயே நன்றாக நிறுத்தும். ஆனால், அதைப் பழுதுபார்க்கத் தனிக் கருவிகள் வேண்டும். செலவைக் குறைக்க விரும்புபவருக்கு முதல் வகையே போதும்.

வாங்கிய பிறகு

மழையில் நனைந்த வண்டியைத் துணியால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் உடனே வண்ணம் பூசினால் துரு ஏறாது. இதற்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் பத்து நிமிடங்களைத் தொடர்ந்து கொடுப்பவருக்கு எஃகு பல ஆண்டுகள் உழைக்கும்.

விதிகளும் பராமரிப்பைப் போலவே முக்கியமானவை. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும், பகிர்வுப் பாதையில் 25 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டக்கூடாது. இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சாலையில் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவது கட்டாயம்.

ஒருவர் எங்கே ஓட்டப் போகிறார், அவர் உடலுக்கு எது பொருந்துகிறது, மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்பவர், விளம்பரத்தைக் கண்டு மயங்கமாட்டார். வேறு எந்தப் பொருளை வாங்கும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

சிந்தித்து விடை கூறுக

1. அலுமினியத்தைவிட எஃகு மூன்று மடங்கு கனமானது. இருந்தும் எஃகு மிதிவண்டி மூன்று மடங்கு கனக்காதது ஏன்?

2. “அதுவரை தலையை வீட்டில் வைத்துவிட்டா போவாய்?” என்னும் தாயின் கேள்வி எதை உணர்த்துகிறது?

3. வளரும் பிள்ளைக்குப் பெரிய மிதிவண்டியை வாங்கிக்கொடுப்பது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.

4. நீ அண்மையில் வாங்கிய ஒரு பொருளை நினைத்துப் பார். அதன் விலையைத் தவிர வேறு என்னென்ன செலவுகள் ஏற்பட்டன? நண்பருடன் கலந்துரையாடுக.