அலை ஓய்ந்த பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு காலை தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கடல் அடங்கிவிட்டது. கண்ணெதிரே அதனைக் கண்ட குழந்தைகளின் உள்ளம் அவ்வளவு விரைவில் அடங்குவதில்லை. பேரிடரைக் கண்ட குழந்தை உறக்கத்தில் அலறும்; தாயின் முந்தானையை விடாது பற்றும்; நிகழ்ந்ததையே விளையாட்டாக மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கும். இவற்றை நோயெனக் கொள்ளுதல் தவறு. உற்றாரின் அரவணைப்பாலும் அன்றாட ஒழுங்காலும் குழந்தைகளுள் பெரும்பாலோர் தாமே தேறுவர். ஒரு மாதம் கடந்தும் இவை நீங்காது, உறக்கத்தையும் படிப்பையும் குலைப்பின் மருத்துவ ஆய்வு தேவை.

அழும் குழந்தையை ஊரே கவனித்துவிடும். வாய் திறவாது மூலையில் அமர்ந்திருக்கும் குழந்தையையோ 'சமர்த்து' என்று பாராட்டிக் கடந்துவிடும். முதனிலைக் கணிப்பு வேண்டப்படுவது இத்தகைய குழந்தைக்காகவே. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்குரிய ஒரு வினாத்தாளில் எட்டு வினாக்களே உள்ளன. வேண்டாத நினைவு தானே வந்து புகுகிறதா என நான்கும், அந்நினைவிலிருந்து விலகி ஓடுகிறாயா என நான்கும் வினவும். கடந்த ஏழு நாள்களை எண்ணி, 'இல்லவே இல்லை' முதல் 'அடிக்கடி' வரை குழந்தை விடை தரும். விடைகளுக்குரிய மதிப்பெண்கள் 0, 1, 3, 5. கூட்டுத்தொகை 17ஐ எட்டினால் வல்லுநரிடம் அனுப்புவர். அவ்வெண் நோயை உறுதிசெய்வதன்று. மேலும் ஆராய்க என்னும் குறிப்பு மட்டுமே. உதவ ஆளில்லாத இடத்தில் இவ்வினாக்களைக் கேளாதிருப்பதே மேல். புண்ணைத் திறந்துவிட்டு மருந்திடாமற் போவது கொடுமையன்றோ?

மனநல மருத்துவர் சிலரே உள்ள நாட்டில் உதவுவோர் யார்? ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இவ்வினாவிற்குச் செயலால் விடை தந்தது. ஊர்ப்புறப் பணியாளர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி அளித்தது. பள்ளியை விரைந்து திறப்பதும், ஓவியம், விளையாட்டு ஆகியவற்றிற்கு இடமளிப்பதும் அத்தகைய ஆதரவின் பகுதிகள். நிகழ்ந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது. தானே சொல்லத் தொடங்கினால் இடைமறிக்கவும் கூடாது. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரிடம் இத்தகைய மாற்றத்தைக் கண்டால் ஆசிரியரிடம் கூறலாம். சிறார் உதவி எண் 1098ஐயும் அழைக்கலாம்.

இவற்றாலும் தேறாத குழந்தைக்குப் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் துணைநிற்பார். கடலுக்கு அஞ்சும் சிறுமியை அவர் உடனே கரைக்கு இழுத்துச் செல்வதில்லை. முதலில் கடலை வரையச் செய்வார். பின்னர்த் தொலைவில் நின்று அலையோசையைக் கேட்கச் செய்வார். ஈர மணலில் என்று கால் வைப்பது என்பதை அவளே முடிவு செய்வாள்.