ஸ்பானிய மொழியில் உங்களை நீங்களே அறிமுகம் செய்ய: கரவெட்டியிலிருந்து தொடங்கும் வழி

வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரராவது இல்லாத வீடு கரவெட்டியில் அரிது. ரொறன்ரோவில், லண்டனில், சூரிச்சில் எங்கள் பிள்ளைகளோடு வேலைத்தலத்தில் நிற்பவர் கொலம்பியாக்காரராகவோ மெக்சிக்கோக்காரராகவோ ஸ்பெயின்காரராகவோ இருப்பது சாதாரணம். ஸ்பானிய மொழி 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் ஏ1 என்ற முதற்படியில் எதிர்பார்க்கப்படும் திறன்களில் ஒன்று, தன்னை எளிய வசனங்களில் அறிமுகம் செய்வது.

எங்களில் பலர் அந்த மொழியை ஆங்கிலம் வழியாகவே படிக்கத் தொடங்குகிறோம். அது சுற்றுவழி. உச்சரிப்பில் ஸ்பானிய மொழி ஆங்கிலத்தை விடத் தமிழுக்குப் பல இடங்களில் நெருக்கமாக நிற்கிறது. உங்கள் தமிழ் வாயோடேயே தொடங்குங்கள்.

முதற்படி: வாயைப் பழக்குதல்

இந்தக் கட்டுரையில் ஸ்பானிய வசனங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாசிக்கும் முறை இது:

- சொல்லில் நெடில் வரும் அசையை அழுத்துங்கள். மற்ற உயிர்களைக் குறுக்கிச் சொன்னாலும் தெளிவாகச் சொல்லுங்கள்.
- க்க, த்த, ப்ப என்று இரட்டித்தால் வல்லோசை. தனியாகச் சொல்லின் நடுவில் வந்தால் அகம், அது, கோபம் என்பவற்றில் வருவது போல மெல்லோசை. இந்த நெகிழ்வு ஸ்பானியத்திலும் உண்டு.
- சொல்லின் முதலில் வருவது தமிழ் போல வல்லோசை. புவேநொஸ், பீவொ, தீயஸ், கூஸ்த்தொ, தொன், தோஞ, தெஸ்ப்பாஸியொ போன்ற சிலவற்றில் மட்டும் பஸ், தீபாவளி, கீதா என்பவற்றின் முதலெழுத்துப் போல ஒலியுங்கள்.

ஸ்பானிய 'ரீ' எழுத்தை எங்கள் 'த' போல நுனிநாக்கால் மேற்பல்லைத் தொட்டுச் சொல்ல வேண்டும். ரொறன்ரோ என்று எழுதும்போது 'ரொ', 'ரோ' என நாங்கள் குறிக்கும் ஆங்கில ஓசை அங்கே பொருந்தாது. 'எச்' எழுத்துக்கு ஒலியே இல்லை. 'ஜே' எழுத்தைத் தொண்டையிலிருந்து வரும் உரத்த 'ஹ' ஆகச் சொல்ல வேண்டும். 'வீ' எழுத்தும் 'பீ' எழுத்தும் ஒரே ஒலிதான். இரட்டை 'எல்' பெரும்பாலான நாடுகளில் 'ய' போல ஒலிக்கும். தலையில் நெளிகோடு போட்ட 'என்' அப்படியே எங்கள் 'ஞ'.

பயிற்சிக்கு வீட்டுக்குள்ளேயே சொற்கள் இருக்கின்றன. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1658 வரை அவர்கள் இங்கே ஆண்டார்கள். அதன் முற்பகுதியில், 1640 வரை, போர்த்துக்கலின் முடி ஸ்பெயின் மன்னரிடமே இருந்தது. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள் என்பதால், போர்த்துக்கேயர் விட்டுப்போன பல சொற்கள் ஸ்பானியரின் காதிலும் பழகியவை. மேசை அங்கே 'மேஸ', சப்பாத்து 'ஸப்பாத்தொ', பாண் 'பான்', குசினி 'கொஸீன'. இந்த நான்கையும் உரத்துச் சொல்லிப் பாருங்கள். த, ப, க ஓசைகள் தாமாகவே சரியாக விழும்.

இரண்டாம் படி: நேரத்துக்கேற்ற வணக்கம்

எந்த நேரத்துக்கும் பொதுவானது: ஓல.

காலையில்: புவேநொஸ் தீயஸ்.
மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு: புவேநஸ் தார்தெஸ்.
இருட்டிய பிறகு: புவேநஸ் நோச்செஸ்.

ஸ்பெயினில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணியளவில்தான். ஆகவே அங்கே ஒரு மணிக்கும் 'புவேநொஸ் தீயஸ்' கேட்டால் குழம்ப வேண்டாம். வயதில் மூத்தவரிடம் வணக்கத்தோடு 'ஸெஞோர்' (ஐயா) அல்லது 'ஸெஞோர' (அம்மா) சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அழுத்தம் 'ஞோ'வில் விழும்.

மூன்றாம் படி: பெயர்

மெ யாமொ வானதி. (என் பெயர் வானதி.)
ஸோய் வானதி. (நான் வானதி.)

இரண்டும் சரி. முதலாவது சற்று முறையானது.

எங்களுக்குச் சிக்கல் தருவது பெயரின் ஒழுங்கு. ஸ்பானிய வழக்கில் சொந்தப் பெயர் முன்னே வரும். அதன் பின் தந்தையின் குடும்பப் பெயர், தாயின் குடும்பப் பெயர் என இரண்டு வரும். காப்ரியல் கார்சியா மார்க்கேஸ் என்பதில் கார்சியா தந்தை வழி, மார்க்கேஸ் தாய் வழி. எங்கள் வழக்கு நேர்மாறு. கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் பெயரில் முன்னே நிற்பது தந்தையின் பெயர். ஒரு ஸ்பானியர் அந்தப் பெயரைக் கேட்டால் 'கார்த்திகேசு' என்றே அவரைக் கூப்பிடுவார்.

ஆகவே பேச்சில் உங்கள் சொந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள். படிவத்தில் 'நோம்ப்ரெ' என்ற இடத்தில் சொந்தப் பெயரையும், 'அப்பெயீதொ' என்ற இடத்தில் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக உள்ளதையும் எழுதுங்கள். ஒரு குடும்பப் பெயர்தான் உண்டு என்றால் இரண்டாவது குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விடலாம்.

உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் கண்டால் அவர்கள் வேறு மாதிரி வாசிப்பார்கள். ஜெயந்தி 'ஹெயந்த்தி' ஆகலாம், வானதி 'பானத்தி' ஆகலாம். அதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டாம். அசை அசையாகப் பிரித்து மெதுவாக ஒரு முறை சொல்லுங்கள்: ஜெ, யந், தி. நீங்கள் நிறுத்திச் சொன்னால் அவர்களும் முயன்று சொல்வார்கள்.

நான்காம் படி: ஊர்

ஸோய்தெ ஸ்ரீ லாங்க்க. (நான் இலங்கையைச் சேர்ந்தவர்.)

இதோடு நிறுத்தாதீர்கள். ஊரைச் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும், கதை வளரும்.

ஸோய்தெ கரவெட்டி, எனெல் நோர்த்தெதெ ஸ்ரீ லாங்க்க. (இலங்கையின் வடக்கில் உள்ள கரவெட்டி என் ஊர்.)

எங்கே என்று கேட்டால் 'ஸேர்க்கதெ பாயின்ட் பேத்ரொ' என்று சொல்லலாம். பருத்தித்துறைக்குக் கிட்ட என்று பொருள். பேத்ரொ ஸ்பானியரிடையே மிகவும் வழக்கமான ஆண் பெயர் என்பதால் அந்த இடம் அவர்கள் மனதில் நிற்கும்.

பிறந்தது ஓரிடம், வாழ்வது இன்னோரிடம் என்றால்:

நஸீ என் கரவெட்டி, பேரொ பீவொ என் தொரோந்த்தொ. (கரவெட்டியில் பிறந்தேன், ஆனால் ரொறன்ரோவில் வசிக்கிறேன்.)

'ஸோய்' என்பது ஊர், தொழில், பெயர் போன்ற நிலையான அடையாளங்களுக்கு. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு 'எஸ்த்தோய்' வரும்: எஸ்த்தோய் என் கரவெட்டி. விடுமுறைக்கு ஊருக்கு வந்து நிற்பவர் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஐந்தாம் படி: தொழில், வயது, மொழி

தொழிலைச் சொல்லும்போது 'ஒரு' சேர்க்க வேண்டாம். 'நான் ஆசிரியர்' என்று தமிழில் சொல்வது போலவே:

ஸோய் ப்ரொஃபெஸோர். (ஆசிரியர்; பெண்ணானால் ப்ரொஃபெஸோர என அகரம் சேரும்.)
ஸோய் எஸ்த்துதியாந்த்தெ. (மாணவர், இருபாலுக்கும் ஒன்றே.)
ஸோய் பெஸ்க்கதோர். (கடற்றொழிலாளி.)
ஸோய் என்ஃபெர்மேர. (தாதி.)

வயதுக்கு 'ஸோய்' வராது. இத்தனை ஆண்டுகள் என்னிடம் உள்ளன என்பதே அவர்கள் முறை: தேங்கொ த்ரேயிந்த்த ஆஞொஸ் (எனக்கு முப்பது வயது). இதில் 'ஞ' மிக முக்கியம். அதை 'ந' ஆக்கினால் சபையில் சொல்லக்கூடாத உடலுறுப்பின் பெயராகிவிடும்.

ஆப்லொ தமீல் இ உன் ப்போக்கொதெ எஸ்ப்பஞோல். (தமிழும் கொஞ்சம் ஸ்பானிய மொழியும் கதைப்பேன்.)

ஆறாம் படி: நீயா, நீங்களா?

யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. ஸ்பானியம் படிப்பவர் முதலில் இரண்டை அறிந்தால் போதும்.

சமவயதினரிடம்: கோமொத்தெ யாமஸ்? (உன் பெயர் என்ன?)
மூத்தவரிடமும் அதிகாரியிடமும்: கோமொ ஸெ யாம உஸ்த்தேத்? (உங்கள் பெயர் என்ன?)

ஸ்பெயினில் 'தூ' என்ற ஒருமை தாராளமாகப் புழங்கும். கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்த்தேத்' கேட்கலாம். ஐயம் வந்தால் 'உஸ்த்தேத்' சொல்லுங்கள். மரியாதை கூடியதால் எவரும் வருந்தமாட்டார்கள். 'தூ' போதும் என்றால் அவர்களே சொல்வார்கள். மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நா எழாது. அதற்கும் வழி உண்டு: ஆணின் சொந்தப் பெயருக்கு முன் 'தொன்', பெண்ணின் பெயருக்கு முன் 'தோஞ' சேருங்கள். தொன் பேத்ரொ, தோஞ மரீய.

ஏழாம் படி: கை கொடுத்தல்

பெயர் தெரிந்ததும் 'மூச்சொ கூஸ்த்தொ' (சந்தித்ததில் மகிழ்ச்சி) என்று சொல்லுங்கள். 'எங்க்கந்த்தாதொ' என்றும் சொல்லலாம்; பெண் சொன்னால் 'எங்க்கந்த்தாத'. சொல்பவரின் பாலைப் பொறுத்துத்தான் ஈறு மாறும்.

ஸ்பெயினில் பெண்கள் தங்களுக்குள்ளும், ஆணும் பெண்ணும் சந்திக்கும்போதும் இரு கன்னங்களிலும் முத்தமிடும் வழக்கம் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ஒரு கன்னத்தோடு முடியும். அது உங்களுக்கு ஒவ்வாது என்றால் முந்திக்கொண்டு கையை நீட்டுங்கள், அல்லது கைகூப்புங்கள். சிரித்த முகத்தோடு செய்தால் தவறாக எடுக்கமாட்டார்கள்.

எட்டாம் படி: தடுக்கினால் பிடிக்க மூன்று வசனம்

நோ எந்த்தியேந்தொ. (விளங்கவில்லை.)
மாஸ் தெஸ்ப்பாஸியொ, பொர் ஃபபோர். (இன்னும் மெதுவாக, தயவுசெய்து.)
எஸ்த்தோய் அப்ரெந்தியேந்தொ. (படித்துக்கொண்டிருக்கிறேன்.)

இவை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். உங்கள் அறிமுகம் சரளமாக இருந்தால் எதிரில் நிற்பவர் உடனே விரைவாகக் கதைக்கத் தொடங்குவார்.

எல்லாம் சேர்த்து

ஓல, புவேநஸ் தார்தெஸ். மெ யாமொ வானதி. ஸோய்தெ கரவெட்டி, எனெல் நோர்த்தெதெ ஸ்ரீ லாங்க்க. பீவொ என் தொரோந்த்தொ. ஸோய் என்ஃபெர்மேர. ஆப்லொ தமீல் இ உன் ப்போக்கொதெ எஸ்ப்பஞோல். எங்க்கந்த்தாத. இ உஸ்த்தேத்?

கடைசி இரண்டு சொற்களுக்கு 'நீங்கள்?' என்று பொருள். அதைக் கேட்காமல் விட்டால் அறிமுகம் பாதியில் நிற்கும்.

நாளுக்கு ஒரு வசனமாகச் சேர்த்து உரத்துச் சொல்லுங்கள். முழுவதும் வந்ததும் கைபேசியில் பதிந்து, ஒரு ஸ்பானியர் பேசும் ஒளிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை மட்டும் முதலில் திருத்துங்கள். மற்றவை பழகப் பழகச் சரியாகும். எழுத்துப் பயிற்சி அதன் பிறகு போதும்.

எதிரில் நிற்பவர் தன் பெயரைச் சொன்னதும் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். பிழைத்தால் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பெயரையும் ஊரையும் அவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும் என்று விரும்பும் நாங்கள், அவர்களுடையதைச் சரியாகச் சொல்வதற்கு அதே அக்கறை காட்ட வேண்டும்.