பொருநைக் கரையில் மிதிவண்டிச் செலவு

செல்லுதலைச் 'செலவு' என வழங்குதல் பழந்தமிழ் மரபு. இக்காலத்தில் அச்சொல் பணம் கழிதலையே பெரிதும் குறிக்கின்றது. பணம் மிகுதியாகக் கழியாமல் இனிய செலவொன்றை மேற்கொள்ள விரும்புவார்க்கு மிதிவண்டியைப் போன்ற துணை பிறிதில்லை. இரயிலிலும் பேருந்திலும் விரைவோர் ஊர்களின் பெயரை மட்டுமே காண்பர். நடந்து செல்வோர் யாவற்றையும் காண்பராயினும் நெடுந்தொலைவு செல்லார். மிதிவண்டியிற் செல்வோரோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்பர். விரைய வேண்டிய இடத்தில் விரைவர். ஒரு நாட்டின் மலையையும் ஆற்றையும் பழைமையையும் ஒருங்கே அறிய விழைவார்க்கு இதுவே தக்க ஊர்தியாகும்.

அங்ஙனம் அறிதற்கு ஏற்ற ஆறு தாமிரபரணி. பழந்தமிழர் இதனைப் பொருநை என்றும், தண்பொருநை என்றும் வழங்கினர். காவிரி, வைகை முதலியவற்றை நோக்க இது சிறிய ஆறே. இதன் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். ஆயினும் தமிழகத்து மலையிற் பிறந்து, தமிழகத்து வயல்களிற் பாய்ந்து, தமிழகத்துக் கடலிலேயே கலக்கும் பெருமை இதற்கு உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இதனை ஊட்டுகின்றன. மலையடிவாரத்திற் புறப்படும் மாணவர் மூன்று நாளில் இதன் முகத்துவாரத்தை அடைந்துவிடலாம். ஓர் ஆற்றின் வாழ்வு முழுவதையும் தம் கால்வலியாலேயே கண்டு முடிக்கும் வாய்ப்பு எளிதிற் கிட்டுவதன்று.

இச்செலவிற்குத் தை, மாசித் திங்கள்கள் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வெள்ளம் பெருகும். சித்திரையில் வெயில் வாட்டும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய்களின் வழியே மேலைக் காற்று வலிமையாக வீசும். அக்காற்று கிழக்கு நோக்கிச் செல்வாரைப் பின்னின்று தள்ளும். மேற்கு நோக்கி மீள்வாரைப் படாதபாடு படுத்தும். எக்காலத்திற் செல்லினும் குடிநீர், சக்கரத்தின் துளையடைக்கும் கருவிகள், காற்றடிக்கும் குழாய் ஆகியவற்றை உடன்கொள்ளல் வேண்டும். பெருஞ்சாலையில் இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதலே முறை.

செலவின் தொடக்கம் பாபநாசம். இதற்கு மேற்கே பொதிகை நீலநிறம் காட்டி நிற்கின்றது. அகத்தியர் உறைந்த மலை என்று தமிழுலகம் போற்றும் அம்மலையின் கொடுமுடி 1,868 மீட்டர் உயரமுடையது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிய அக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லல் ஆகாது. ஆதலின் மலையை வணங்கி, அடிவாரத்திலேயே புறப்படுதல் தகும்.

பாபநாசத்தை அடுத்த அருவிப் பகுதியில் துயர நினைவு ஒன்று உண்டு. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் விடுதலை வீரருமாகிய வ. வே. சு. ஐயர், 1925 ஜூன் 3ஆம் நாள், நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று தாமும் உயிர் நீத்தார். அருவியின் அழகைக் காணும் இளைஞர் அதன் ஆற்றலையும் அஞ்சுதல் வேண்டும். அறியாத நீர்நிலையில் இறங்காமை கோழைத்தனமன்று, அறிவுடைமையே.

அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்னும் ஊர்களின் வழியே சாலை செல்கின்றது. இருபுறமும் நெல்வயல், வாய்க்கால்தோறும் தெளிந்த நீர். இவ்வளம் தானே வந்ததன்று. இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு பழைய அரசர் காலத்தன. கடைசியாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அருகில் கன்னடியன் கால் பிரிகின்றது. அதனை வெட்டுவித்தவன் கன்னட நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன் என்றும், ஒரு பசு நடந்த வழியே காலை வெட்டி, அது படுத்த இடங்களிற் குளம் தோண்டினான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், வேற்று நாட்டான் ஒருவன் தனக்கென வைத்துக்கொள்ளாது ஊர்க்கு நீர் ஈந்தான் என்னும் நினைவை மக்கள் மறவாது போற்றிவருதல் கருதத்தக்கது.

வீரவநல்லூரிலிருந்து பிரியும் கிளைவழி திருப்புடைமருதூருக்குச் செல்லும். கடனா நதி பொருநையோடு கூடும் இடம் அதுவே. கோயிற் கோபுரத்தின் உள்நிலைகளில் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் நிறைந்துள்ளன. வெளியே மருதம் முதலிய மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டி வாழ்கின்றன. ஊரார் அவற்றைத் தம் விருந்தினராகவே பேணுவர். 2005இல் அரசு இவ்வூரைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தது. இந்திய நாட்டில் இவ்வகைக் காப்பிடம் இதுவே முதலாவது.

அடுத்து வருவது சேரன்மாதேவி. வ. வே. சு. ஐயர் நாட்டுப்பற்றும் கைத்தொழிலும் ஒருங்கே பயிற்றும் நோக்கத்தோடு இங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார். நோக்கம் உயர்ந்தது, ஆயின் அங்குச் சில மாணவர்க்குச் சாதி பற்றித் தனியே உணவு அளிக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய குரல் தமிழகமெங்கும் பரவியது. ஒரே ஆற்றின் நீரைப் பருகும் சிறுவர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாகாதோ என்னும் வினாவிற்கு, ஆற்றைக் கண்டவர் எளிதில் விடை கூறுவர்.

சேரன்மாதேவியை அடுத்த பத்தமடை பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஆற்றோரத்துக் கோரையை உலர்த்தி, ஓடும் நீரிற் பல நாள் ஊறவைத்து, மயிரிழைபோல் மெல்லிதாகக் கிழித்து நெய்வர். பட்டுப்போல் மடியும் அப்பாயில் நெய்வாரின் கைத்திறனோடு ஆற்று நீரின் குணமும் கலந்துள்ளது.

இரண்டாம் நாள் திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயிலில், ஒரே கல்லிற் செதுக்கிய சிறு தூண்கள் தட்டுந்தோறும் வெவ்வேறு இசை எழுப்புவன. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலத்தின்மேல் சற்று நிற்றல் வேண்டும். முற்காலத்தில் இங்கே படகிலேறியே ஆற்றைக் கடந்தனர். நெரிசலும் பூசலும் மிகுந்து, மக்கள் பெரிதும் இடருற்றனர். கலெக்டர் அலுவலகத்திற் பணிபுரிந்த சுலோசன முதலியார் பாலம் கட்டும் செலவைத் தாமே ஏற்றார். கல்வளைவுகளால் அமைந்த அப்பாலம் 1843இல் திறக்கப்பெற்றது. பின்னர் ஒரு வெள்ளத்தாற் சிதைந்து, மீண்டும் செப்பனிடப்பெற்றது. இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. ஒருவர் ஈந்த பொருளின்மேல் இரு நகர மக்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றனர்.

மூன்றாம் நாட் செலவு திருச்செந்தூர்ச் சாலையிற் செல்லும். கிருஷ்ணாபுரம் கோயிலில் நாயக்கர் காலத்துக் குறவனும் குறத்தியும் கன்னனும் கல்லில் உயிர்த்து நிற்கின்றனர். அப்பால் ஆதிச்சநல்லூர். சாலையோரத்தில் பருக்கைக் கல் நிறைந்த மேட்டு நிலம் ஒன்று ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்பிற் கிடக்கின்றது. 1876இல் ஜெர்மானியராகிய யாகோர் இதனை அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. ஆற்றங்கரையில் நல்ல நன்செய் இருப்பவும், பயிர் விளையாத வன்னிலத்தையே பழையோர் இடுகாடாகக் கொண்டுள்ளனர். விளைநிலம் வாழ்வோர்க்கு உரியது என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது போலும். திருவைகுண்டத்திற்கு அணித்தாகிய சிவகளையில், ஒரு தாழியினுள் கிடைத்த நெல் உமி கி.மு. 1155ஆம் ஆண்டளவினது என ஆய்வால் அறியப்பட்டு, 2021இல் அறிவிக்கப்பெற்றது. நெல்வேலி என்னும் பெயர் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்பே பொருநைக் கரையில் நெல் விளைந்திருக்கின்றது.

திருவைகுண்டம் இரயில் நிலையம் தென்கரையிற் புதுக்குடியில் உள்ளது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற இரயில் இந்நிலையத்தில் நின்றுவிட்டது. பாதையின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றமையால், ஏறத்தாழ 800 பயணிகள் சூழ்நீருக்கிடையே சிக்கினர். தம் வீடுகளுக்கும் வெள்ளத்தால் இடர் நேர்ந்திருக்க, புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைச் சமைத்து அவர்க்கெல்லாம் உணவளித்தனர். உண்பாரின் ஊர் எது, குலம் எது என எவரும் வினவிற்றிலர்.

நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியைக் கண்டு, ஏரல் வழியே சென்றால் கொற்கை வரும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கி, யவனர் குறிப்புகளிலும் இடம் பெற்ற கொற்கையில் இன்று கடல் இல்லை; சில கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. ஆறு கொணர்ந்த வண்டல் கரையை வளர்க்க வளர்க்க, துறைமுகமும் இடம் பெயர்ந்தது. கொற்கைக்குப் பின் காயல் சிறந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அதனைப் புகழ்ந்தார். காயலுக்குப் பின் புன்னைக்காயல் எழுந்தது. தமிழ் அச்சுக்கலைக்குக் கால்கோள் செய்த அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் அங்கே பணிபுரிந்தார். மன்னரின் ஆணைக்கு நில்லாத ஆறு, மூன்று துறைமுகங்களை ஆக்கியும் அழித்தும் தன் வழியே சென்றது.

புன்னைக்காயலிற் செலவு முடிகின்றது. மூன்று நாள் உடன் வந்த ஆறு அங்கே கடலோடு கலக்கின்றது. வழியிற் கண்டவற்றை எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இக்கரையில் மக்கள் நன்றியோடு நினைப்பன, வாய்க்காலும் பாலமும் பறவைக்கு விட்ட மரமும் அயலார்க்கு இட்ட சோறும் போன்று பிறர்க்கென அமைந்தனவே. ஆற்றின் இயல்பும் அதுவே. மலையில் வாங்கியதை அது தன்னிடம் நிறுத்திக்கொள்வதில்லை.

அத்தகைய ஆற்றிற்கு மக்கள் திருப்பித் தருவது யாது? பாபநாசத்தில் நீராடுவோர் களைந்தெறியும் ஆடைகளும், நகரங்களின் கழிவுநீரும், நெகிழிக் குப்பையும் அதனிற் சேர்கின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் மக்கள் பருகும் நீரும் இதுவே. கரைவழிச் செலவு மேற்கொள்ளும் மாணவர் தாம் கொண்டு சென்ற குப்பையைத் தம் பையிலேயே மீட்டுக் கொணர்தல் சிறு செயலேயாம். ஆயின் கன்னடியன் காலும் ஒரு மண்வெட்டிக் கொத்திலேயே தொடங்கியிருத்தல் வேண்டும்.