பிள்ளைப்பேற்றுக்கு முன் வீட்டு வேலை: எதை, எப்போது முடிப்பது?

கருவுற்ற பெண் இருக்கும் குடும்பத்தில் வீடு கட்டத் தொடங்குவதும் புதுமனை புகுவதும் கூடாது என்று நம் ஊர்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்று பலருக்கு அதைக் கடைப்பிடிக்க இயலுவதில்லை. ஒருபுறம் வாடகை, மறுபுறம் வீட்டுக் கடனின் மாதத் தவணை. குழந்தை பிறப்பதற்குள் சொந்த வீட்டில் குடியேறிவிட வேண்டும் என்ற ஆவல் வேறு. அதனால்தான் எங்கள் மகப்பேற்றுப் புறநோயாளர் பிரிவில், "ஏழாம் மாதத்தில் பெயின்ட் அடிக்கலாமா?", "புது வீட்டு வாசனை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா?" என்ற கேள்விகளை அடிக்கடி கேட்கிறோம்.

மரபைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எங்கள் பணியன்று. கருவுற்றவர் இருக்கும் வீட்டில் இடிப்பதும் சுரண்டுவதும் வேண்டாம் என்ற அளவில் மருத்துவமும் அந்தப் பெரியவர்களோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். எந்த வேலையை எந்த மாதத்தில் செய்வது, அப்போது தாயாகப் போகிறவர் எங்கே தங்குவது என்ற இரண்டையும் குடும்பத்தார் முன்னரே கூடிப் பேசி முடிவுசெய்தால், பெரும்பாலான வேலைகளை அச்சமின்றிச் செய்துகொள்ளலாம்.

பழைய வண்ணம்

புதிய வண்ணத்தைவிடப் பழைய வண்ணமே எங்களுக்குக் கூடுதலான கவலை தருகிறது. 'புது வீடு' என்று நாம் சொல்வது பல நேரங்களில் வேறொருவர் வாழ்ந்த வீடாகவோ, பாகப்பிரிவினையில் கிடைத்த பழைய வீடாகவோ இருக்கும். அதன் கதவுகளிலும் சன்னல் கம்பிகளிலும் அடுக்கடுக்காக எனாமல் பூசப்பட்டிருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அடர்ந்த நிறங்களுக்காகவும், விரைவில் உலர வேண்டும் என்பதற்காகவும் முற்காலத்தில் இத்தகைய பூச்சுகளில் ஈயச் சேர்மங்களைக் கலந்து வந்தனர். நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் பூசிய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதி நடந்துகொள்வதே பாதுகாப்பானது.

உரியாமல் மரத்தோடு ஒட்டியிருக்கும் வரை அந்தப் பூச்சினால் பெரிய தீங்கில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போதுதான் அது மாவுபோன்ற தூளாகி, தரையிலும் துணிகளிலும் மூடாத தண்ணீர்க் குடத்திலும் படிகிறது. மூச்சிலும் உணவிலும் கலந்து தாயின் இரத்தத்தில் சேரும் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. வளரும் மூளையைப் பாதிக்கிறது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிறந்த பின்னும் இந்த இடர் நீங்குவதில்லை. தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தைகளின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது.

ஆகையால் பழைய பூச்சைச் சுரண்டும் நாள்களில் கருவுற்றவரும் சிறு பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் இருப்பது போதாது. உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் தேய்க்குமாறு பெயின்டரிடம் சொல்லுங்கள். நெருப்புக் காட்டி உரிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அந்தப் புகையிலும் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மீண்டும் காற்றில் எழும். ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். கணவரே உடன் நின்று வேலை செய்திருந்தால், குளித்து உடை மாற்றிய பிறகே மனைவியிடம் வரட்டும். அழுக்கு உடைகளைத் தனியே துவைக்கட்டும்.

கால்சியமும் இரும்புச்சத்தும் குறைந்த உடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சும். நாங்கள் தரும் மாத்திரைகளை விடாமல் உட்கொள்ள இதுவும் ஒரு காரணம். சுரண்டல் வேலை நடந்த வீட்டில் பல நாள் தங்கியிருந்தவர்கள் அடுத்த வருகையின்போது அதை எங்களிடம் தெரிவியுங்கள். தேவையெனில் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதிக்கலாம்.

புதிய பூச்சும் பிற வேலைகளும்

நீரில் கரையும் எமல்ஷன் வகைகளில் தீய ஆவி குறைவு. எனாமல், தின்னர், டர்பென்டைன், மர வார்னிஷ் ஆகியவற்றில் மிகுதி. எவ்வகையாயினும் பூசும்போது கருவுற்றவர் அங்கே இருக்க வேண்டாம். சன்னல்களைத் திறந்துவைத்து நன்றாக உலரவிடுங்கள். ஒரு மாத இடைவெளி கிடைத்தால் நல்லது. இவ்வளவு சொல்வதால் அஞ்ச வேண்டாம். வண்ணம் பூசிய வீட்டில் ஓரிரு நாள் இருந்துவிட்டோமே என்று பதறி ஸ்கேன் எடுக்க ஓடிவர வேண்டியதில்லை. தலைவலியோ மயக்கமோ இருந்தால் வெளிக்காற்றுக்குச் சென்றுவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

பிளைவுட் அலமாரிகளில் உள்ள பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு பல மாதங்கள் மெல்லக் கசியும். ஆகவே தச்சு வேலையை எல்லாவற்றுக்கும் முன்னதாக முடிப்பது நன்று. கல்லும் டைல்ஸும் அறுக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. கறையான் மருந்து அடிப்பதைக் கருவுற்ற காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பயன்படுத்தும் பூச்சிக்கொல்லிகளில் சில கருவின் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியவை.

பலரும் கவனிக்காத ஒன்று தண்ணீர். பூச்சு வேலைக்காகத் தொட்டியிலும் டிரம்மிலும் நிறைத்துவைக்கும் நீர், மூடியில்லாத சம்ப், மொட்டைமாடியில் கிடக்கும் காலி பெயின்ட் வாளி ஆகிய யாவும் ஏடிஸ் கொசுவின் பிறப்பிடங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பேறுகாலத்தை ஒட்டி டெங்கு வந்தால் இரத்தக் கசிவு தாயின் உயிருக்கே இடராகலாம். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது.

இவற்றையெல்லாம் எப்போது செய்வது? நம்மிடையே உள்ள ஒரு வழக்கமே இதற்கு வழிவிடுகிறது. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குச் சென்று, பிள்ளை பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புவோர் இன்னும் பலர் உள்ளனர். அந்த இடைவெளியில் வீட்டு வேலையை முடித்து, வீட்டை ஆறவிடலாம். நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, குடியேறுவதைத் தள்ளிவைப்பதிலும் தவறில்லை. கணபதி ஹோமம் செய்வதாயின், புகை சூழும் இடத்தில் கருவுற்றவரை நெடுநேரம் அமர்த்தாமல், காற்றோட்டமான இடத்தில் இருக்கவிடுங்கள்.

பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய சேலை

வீடு மாறும்போது பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் பழைய துணிகள் வெளிவரும். பாட்டியின் நூல் சேலையைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றுவதும் தூளி கட்டுவதும் அன்பான வழக்கங்கள். பழைய பருத்தித் துணியின் மென்மை கடைத் துணிக்கு வராது என்பதை நாங்களும் அறிவோம். ஆனால் அந்தப் பெட்டியில் பெரும்பாலும் பாச்சை உருண்டை போட்டுவைத்திருப்பார்கள். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுகிறது. மஞ்சள் காமாலை வேகமாக ஏறி மூளையை எட்டினால், காது கேளாமையும் மீளாத நரம்புப் பாதிப்பும் நேரலாம். இக்குறைபாடு மரபுவழி வருவது. ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. பிறந்த குழந்தைக்கு அது உள்ளதா என்பது பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிந்திராது.

எனவே குழந்தைக்கென எடுத்த துணிகளைச் சோப்பு நீரில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை துவைத்து, சில நாள் வெயிலில் உலர்த்துங்கள். அதன் பிறகும் வாசனை வீசும் துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டாம். குழந்தை படுக்கும் அறையில் உள்ள அலமாரியில் பாச்சை உருண்டையே வேண்டாம். பிறந்த முதல் நாளிலேயே உடல் மஞ்சளானாலும், பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும் வெயிலில் காட்டிப் பார்த்துக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

குழந்தையின் இடம்

தனியறை ஒதுக்கி, சுவரெங்கும் படம் வரைந்து வைக்கும் இளம் பெற்றோரைக் காண மகிழ்ச்சியாகவே இருக்கிறது. எனினும் பிறந்த குழந்தைக்கு ஓரடித் தொலைவுக்குள் இருப்பதே தெளிவாகத் தெரியும். அத்தொலைவில் இருப்பது தாயின் முகம். முதல் ஆறு மாதங்களேனும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனக்குரிய சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாந்து உறங்குவது நல்லது. தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும், உருளாமல் இருக்க இருபுறமும் அடுக்கும் மெத்தைகளும் மூச்சை அடைக்கக்கூடும். தூளியில் குழந்தையின் தாடை மார்பில் அழுந்தி மூச்சுத் தடைபடலாம். பகலில் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும்போது ஆட்டுங்கள், இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். மரத்தொட்டில் வாங்குவோர் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி உள்ளதா என்று அளந்து பாருங்கள். பழைய தொட்டிலானால், மேலே சொன்ன எனாமல் பற்றிய எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

இவ்வளவு வேண்டாம்களைக் கேட்டபின், கருவுற்றவரை ஒரு மூலையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவுசெய்வது சில வீடுகளில் நடக்கிறது. அது சரியன்று. கடைசி வாரங்களில் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற விருப்பம் பல பெண்களுக்கு இயல்பாகவே எழுகிறது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது, திரைச்சீலை தைப்பது, குழந்தையின் துணிகளை மடித்து அடுக்குவது, எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது ஆகிய யாவும் அவருக்கு உரியவை. ஏணியிலும் நாற்காலியிலும் ஏறுவது மட்டும் பிறர் பொறுப்பாகட்டும். வயிறு பெருக்கும்போது உடலின் சமநிலை மாறி, விழும் வாய்ப்பு கூடுகிறது.

குடியேறிய முதல் வாரத்திலேயே அப்பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் உங்கள் பிக்மி எண்ணையும் புதிய முகவரியையும் தெரிவித்துவிடுங்கள். இங்கிருந்து வீடு வரை ஒருமுறை போய்ப் பார்த்து, இரவில் திறந்திருக்கும் வழி எது என்று அறிந்துகொள்ளுங்கள். புதிய தெருவில் உங்களை யாருக்கும் தெரியாது. வீட்டு எண், தெருப்பெயர், அருகில் உள்ள கோயிலோ பள்ளியோ, எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் 108-ஐ அழைப்பவர், நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்த உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம்.