கையே குறி பார்க்கும் ஆட்டம்

கேள்வி: பதினொரு வயது மகன் விஆர் ஹெட்செட்டில் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சம்மதிக்கலாமா?
- ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: முதலில் கருவிக்கான வயது. மெட்டா குவெஸ்ட்டின் குறைந்தபட்ச வயது 13 ஆக இருந்து, 2023-இல் 10 ஆனது; ஆனால் 13 வயது வரை கணக்கைப் பெற்றோர்தான் நிர்வகிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் விஆர்2-வோ 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது என்கிறது.

அடுத்தது விளையாட்டு. போனில் சுடுவது விரலசைவு. இங்கே கையே குறி பார்க்கிறது. ரத்தம் தெரியவில்லை என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. ‘சூப்பர்ஹாட் விஆர்’ விளையாட்டில் எதிரிகள் சிவப்புச் சில்லுகளாகத்தான் நொறுங்குவார்கள். ஆனால் ஆடுபவர் தன்னையே சுட்டுக்கொள்ளும் காட்சியும் அதில் இருந்தது. தயாரிப்பாளர்கள் 2021-இல்தான் அதை நீக்கினார்கள். எனவே வயதுக் குறியீட்டோடு, யாரைச் சுடுகிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் குரலில் பேச முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் அம்மாவோ அப்பாவோ ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாம்.

குறியீடு 13-க்கு மேல் என்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் ‘பீட் சேபர்’ நல்ல மாற்று. பையன் காண்பதை டிவியில் காஸ்ட் செய்து வைத்தால் வீட்டாரும் கவனிக்கலாம். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள்.