கடைக் கண்ணாடியில் வைத்த படம்

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ போனில் பேசியபோது கடையில் ஆள் இருந்தார்கள், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள், ஆனால் தை மாசத்துக்கு வந்திருப்பது இரண்டே கல்யாணம் என்று குரல் கம்மச் சொன்னாய். கடையை அடைத்துவிட்டு வந்து உன் பக்கத்தை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை பார்த்தேன். முடிக்கும்போது மணி ஒன்று.

உன் கைக்கு ஒரு குறையும் இல்லையம்மா. தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபமே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ பெண்ணின் அப்பா துண்டு நுனியால் கண்ணைத் துடைப்பதை எடுத்திருக்கிறாய். நாற்பது வருஷத்தில் அப்படிப் படம் எனக்கு அமைந்தது மூன்றோ நாலோதான். ஆனால் அதன் கீழே வந்திருப்பதைப் படித்தால் பாதிக்கு மேல் “எந்த லென்ஸ்?”, “எடிட்டிங் எதில் பண்ணினீங்க?” என்று இருக்கிறது. எல்லாரும் நம் தொழில்காரர்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு அம்மா அங்கே இல்லை. நீ கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

நான் 1986-ல் கும்பகோணத்தில் ஸ்டுடியோ போட்டபோது ஷோகேஸில் என்ன வைத்தேன் தெரியுமா? காவிரிப் படித்துறையில் விடிகாலைப் பனி, மகாமகக் குளத்தில் மண்டபத்தின் நிழல். நின்று பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், படி ஏறவில்லை. எதிர்க்கடைப் பாத்திரக்காரர்தான் ஒரு நாள் வந்து, “தம்பி, குளத்தை நாங்க தினமும் பார்க்கிறோம். எங்க வீட்டுப் புள்ளைங்களை நீ எப்படி எடுப்பேன்னு காட்டு” என்றார். காதுகுத்தில் அழுகிற குழந்தை, அறுபதாம் கல்யாணத் தம்பதி, பேரன் பேத்தியோடு நடுவில் உட்கார்ந்த பாட்டி என்று மாற்றி வைத்தேன். அந்த மாசமே ஆள் வர ஆரம்பித்தது.

உன் பக்கத்தில் குரூப் போட்டோ ஒன்றுகூட இல்லை. கேண்டிட் எடுக்கிறவர்களுக்கு அது அழகில்லை என்று தோன்றும். ஆனால் நம் ஊர்ப் பக்கம் போட்டோகிராபரை முடிவு செய்வது மணப்பெண் மட்டுமில்லை. அவள் அம்மாவும் தாய்மாமனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மேடையில் நாற்பது பேரை நிறுத்தினால் எல்லா முகமும் தெளிவாக வருமா, சர விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாய் இருப்பவர் முகம் இருண்டு போகாமல் இருக்குமா, இதைத்தான் அவர்கள் தேடுவார்கள். ஒரே போஸ்ட்டில் 20 படம் வரை போட இடம் கொடுத்திருக்கிறார்களே. ஒரு கல்யாணத்தைப் பெண் அழைப்பிலிருந்து பந்தி வரை அதில் வரிசையாகக் காட்டு. கீழே மண்டபம் எது, எந்த ஊர் என்று தமிழிலேயே எழுது. மேக்கப் போட்டவர், மேடை அலங்கரித்தவர், சமையல்காரர் எல்லாரையும் டேக் பண்ணு. அடுத்த முகூர்த்தத்துக்கு அலைகிற குடும்பம் அவர்கள் பக்கத்தில்தான் இருக்கும், லென்ஸ் கேட்கிறவர்களிடம் இருக்காது.

பெரியவர்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும்தான் இருக்கிறார்கள், அங்கேயும் போடு. வாட்ஸ்அப்பில் வெறுமனே அனுப்பினால் படம் நசுங்கிவிடும். ஆல்பம் மாதிரி கேட்கிறவர்களுக்கு ‘டாக்குமென்ட்’டாக அனுப்பு. கூகுள் மேப்ஸில் கடையைப் பதிந்து, வேலை முடிந்த வீட்டாரிடம் இரண்டு வரி எழுதச் சொல். ‘ரேட்டுக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிட்டு எவ்வளவிலிருந்து ஆரம்பம் என்று நேராகப் போடு. பணம் கொடுத்து பூஸ்ட் பண்ணினால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊரைக் குறிப்பிட்டுப் பண்ணு. காசுக்கு ஃபாலோயர் வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம்.

ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டு வைக்கிறாய். தொழில் கணக்குக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது, கிடைத்தாலும் என்றைக்காவது சத்தத்தை எடுத்துவிடுவார்கள். அந்த மண்டபத்திலேயே வாசித்த நாதஸ்வரத்தையும் கெட்டிமேளத்தையும் நல்ல மைக்கில் பதிந்து வை. வாசித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் பெயரையும் போடு. இன்னொன்று: 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் சதுரக் கட்டங்களை நெட்டையாக மாற்றினார்கள் அல்லவா, அதில் உன் பழைய படங்களில் ஓரத்தில் நிற்கிற அம்மா அப்பா பாதி பாதியாகத் தெரிகிறார்கள். உட்கார்ந்து சரிசெய். பெற்றவர்களை வெட்டின படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண்ணை உறுத்தும்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

1994-ல் ஒரு பெண்ணின் கல்யாணப் படத்தை 16-க்கு 20 அளவில் பெரிது பண்ணி ஷோகேஸின் நடுவில் வைத்தேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாசம் கழித்து ஒரு மத்தியான வெயிலில் அவள் அண்ணன் வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே, “அந்தப் படத்தை எடுத்துடுங்க சார். தங்கச்சி இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா. இந்தத் தெரு வழியாத்தான் வேலைக்குப் போறா” என்றார். கல்யாணம் நாலே மாசத்தில் முறிந்திருந்தது. அதற்குப் பிறகும் எத்தனை நாள் அவள் என் கடையைத் தாண்டியிருப்பாள், எத்தனை நாள் எதிர்ப் பக்கமாகக் குனிந்து நடந்திருப்பாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. சாவியை எடுத்துக் கண்ணாடியைத் திறந்து படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். நெகட்டிவையும் தேடிக் கொடுத்தேன்.

எனக்குத் திறக்க ஒரு சாவி இருந்தது மகளே. நீ போடுகிற படத்தை யார் சேமித்தார், யார் எந்தக் குரூப்பில் தள்ளினார் என்று உனக்குத் தெரியவே தெரியாது. நீ அழித்தாலும் அது அவர்களிடம் இருக்கும்.

சட்டமும் படம் எடுக்கச் சொன்னவர்கள் பக்கம்தான். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரையே படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. நாம் எடுத்தது நம்முடையது என்று தொழிலில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கு: எந்தப் படங்களைப் போடலாம், எப்போதிலிருந்து போடலாம், எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுவேன் என்று. பெண்ணின் அப்பா கையெழுத்து மட்டும் போதாது. பெண்ணும் மாப்பிள்ளையும் போடவேண்டும், முகம் அவர்களுடையது.

மஞ்சள் நீராட்டு விழாப் படங்கள் இரண்டு உன் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் சம்மதித்திருப்பார்கள், தெரியும். அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசு இருக்குமா? பள்ளிக்கூடத்தில் அவளோடு படிக்கிற பையன்கள் கையிலும் போன் இருக்கிறது. இதைப் படித்தவுடன் அந்த இரண்டையும் எடுத்துவிடு. குளிக்கிற, அழுகிற கைக்குழந்தைப் படங்களையும் அவர்கள் ஆல்பத்தோடு நிறுத்திக்கொள். மாலை அலங்காரத்தை, வெளிச்சத்தை, பாட்டியின் கையை மட்டும் காட்டியும் வேலை தெரியவைக்கலாம்.

இன்ஸ்டாகிராம் என்கிற அந்த இடமே நமக்குச் சொந்தமில்லை என்பதையும் மறக்காதே. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கும் அதை நம்பித்தான் பிழைப்பு என்றிருந்தவர்களுக்கும் மறுநாள் கையில் ஒன்றுமில்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் ஒன்றாய் நின்றுபோயின. உன்னிடம் வேலை கொடுத்தவர், விசாரித்தவர் எல்லாருடைய பெயர், நம்பர், விசேஷத் தேதியை ஒரு நோட்டில் எழுதி வை. கல்யாணமான முதல் வருஷ நாளுக்குப் போன் பண்ணி வாழ்த்து. வளைகாப்பும் காதுகுத்தும் அந்த நோட்டிலிருந்துதான் வரும், எனக்கு அப்படித்தான் வந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்று பக்கத்தைச் சும்மா போட்டுவைக்காதே. தைக்கு மண்டபம் பார்க்கிறவர்கள் ஐப்பசியிலேயே போட்டோகிராபரையும் தேடுவார்கள்.

தாராசுரம் கோயிலில் எடுத்த அவுட்டோர் படங்களைப் பார்த்தேன். அங்கே ஸ்டாண்ட் வைத்து எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். வாங்கினாயா என்று சொல்.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு, தஞ்சாவூர் வருகிறேன். அந்த அப்பா கண் துடைக்கிற படத்தை 12-க்கு 18-ல் பிரிண்ட் போட்டு வை. அவரிடம் நீ கேட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். இரண்டு பேருமாக அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டு, இன்ஸ்டாகிராமில் இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டு வருவோம்.

அன்புடன்,
சித்தப்பா