பழைய வீட்டைப் புதுக்குவோர்க்கு ஒரு பாடம்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் ஊர்களில் இன்று ஒரு காட்சியைப் பரவலாகக் காணலாம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ பணிபுரிகின்றனர். பூர்வீக வீட்டில் வயது முதிர்ந்த பெற்றோர் மட்டும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வீடு பழுதுற்றிருப்பதைக் கண்டு வருந்தி, இடித்துக் கட்டவும் மனமின்றிப் புதுப்பிக்க முடிவு செய்கின்றனர். கொத்தனார் அழைக்கப்படுகிறார். மறுநாளே வண்டி அமர்த்திக்கொண்டு அனைவரும் டைல்ஸ் கடைக்குப் புறப்படுகின்றனர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. இறுதியிற் செய்ய வேண்டியதை முதலிற் செய்துவிடுகிறோம்.

புதிய பாடத்தைத் தொடங்குமுன் மாணவர் எதனை அறிவர், எதனை அறியார் என்று வினவித் தெளிய வேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்கு முதலிற் கற்பித்தனர். வீட்டையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். வினா ஒன்றே போதும்: இவ்வீட்டிற்குள் தண்ணீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது? இதற்கு விடை காணாமல் வாங்கும் எப்பொருளும், எத்துணை அழகியதாயினும், சில ஆண்டுகளில் வீணாகும்.

சுவரும் ஈரமும்

நம் பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது. இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் நிறைந்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் செங்கல் மண்ணிலுள்ள நீரை மேலே இழுக்கும். அந்நீர் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சுவர் ஆண்டுதோறும் நனைந்து, ஆண்டுதோறும் உலர்ந்து, பல்லாண்டு நின்றதன் காரணம் இதுவே.

சிமெண்டுப் பூச்சு அடர்த்தியானது. அதனைச் சுண்ணாம்புச் சுவரின்மீது பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரம் ஏறும். நீரோடு வந்த உப்பு பூச்சின் பின்புறத்திற் படிகமாகி, அதனைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். நாம் 'சுவர் உப்புப் பூத்துவிட்டது' என்கிறோம்.

எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இத்தவறு நிகழ்ந்தது. சுண்ணாம்பு உதிர்கிறதே என்று அதனைக் கொத்தியெடுத்துச் சிமெண்டு பூசச் சொன்னவள் நானே. இரண்டு மழைக்காலம் கழிந்தபோது, முழங்கால் உயரத்தில் இருந்த ஈரக்கறை இடுப்பளவிற்கு ஏறியிருந்தது. அதனை மறைக்க விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தோம். அது கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. மூன்றாம் முறை பணம் செலவழித்த பின்னரே காரணத்தைத் தேடினோம். காரணம் சுவரிலேயே இல்லை, தெருவில் இருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போட்டு வந்தமையால், வெளித்தரை எங்கள் வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. மழைநீர் சுவரடியிலேயே தேங்கியது. இந்நிலை இன்று எத்தனையோ வீடுகளுக்கு உண்டு.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உளது. ஓரடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் பின்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நனைந்திருப்பின் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறம் நனைந்திருப்பின் அது அறைக்காற்றின் ஈரம். காற்றோட்டம் தந்தால் தீரும். வீட்டுப் பிள்ளைகளிடம் இச்சோதனையை ஒப்படைத்தால் மகிழ்ந்து செய்வர்.

ஈரம் உள்ளிருந்து வருமாயின் முதலில் வெளிமண்ணை இறக்கி, சுவரை ஒட்டி நீர் வடியும் சரிவு அமைத்து, கூரைநீர் சுவரடியில் விழாதவாறு தகரத் தாழியும் குழாயும் பொருத்த வேண்டும். பின்னர்ச் சிமெண்டுப் பூச்சை ஈரக்கறைக்கு மேலும் ஓரடி உயரம்வரை நீக்கி, சுவரை நன்கு உலரவிட்டு, சுண்ணாம்பே பூச வேண்டும். மழை ஓய்ந்து, வெயில் இன்னும் கடுமையாகாத தையும் மாசியும் இதற்கு உகந்த காலம். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் இன்று அரியர். தேடத்தான் வேண்டும். கிடைத்தவர் 'இதெல்லாம் பழைய காலத்து வேலை, அம்மா' என்று சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள்.

இவ்விடத்தில் நம் குடும்பங்களுக்கெனச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு மெருகேற முட்டையின் வெண்கரு சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நமக்கு வேண்டா. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்திற் சேர்த்து, நன்கு சலித்த சுண்ணாம்பை மேற்பூச்சாக இட்டு, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தாலே மெருகு வரும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் முன்பு வச்சிரம் கலப்பர். அது விலங்கின் தோலினின்று காய்ச்சிய பசை. அதற்கு மாற்றாக அரிசிக் கஞ்சியையோ மரப்பிசினையோ கலக்கச் சொல்லலாம். கரையான் தொல்லையும் ஈரத்தோடு சேர்ந்ததே. வாசற்காலின் அடி மண்ணில் புதையாமல் கருங்கல்லின்மீது நிற்குமாறு செய்து, சுவரடியை உலர வைத்தால் மருந்தடிக்கும் தேவை பெரிதும் குறையும்.

முற்றம்

புதுப்பிக்கத் தொடங்கியவுடன் பலரும் சொல்வது, 'முற்றத்தை மூடிவிடலாம். ஓர் அறை கிடைக்கும்' என்பது. அறை கிடைக்கும், ஆனால் கூடத்தில் பகலிலேயே விளக்கெரிக்க நேரும். சூடான காற்று மேலெழுந்து வெளியேறும் வழியும் அடைபடும். திருடர் அச்சமும் குரங்குகளின் தொல்லையும் மெய்யே. அவற்றிற்கு இரும்புக் கம்பி வலை போதும். மழைச்சாரலும் வேண்டா என்போர், ஒளி புகும் தகடுகளைச் சுற்றுச்சுவரினின்று ஒன்றரை அடி உயர்த்தி அமைத்து, இடைவெளியைக் காற்றுக்கு விட்டுவிடலாம்.

முற்றத்தில் விழும் நீரைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 100 சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. தரையைக் கிளறும் இப்போதே குழாயைப் புதைத்துக் கிணற்றோடு இணைத்துவிடுதல் நலம். தரை போட்ட பின்னர் எவரும் அதனைச் செய்வதில்லை.

தரை

என் நாத்தனார் எழுபத்தெட்டாம் வயதில், புதிதாகத் தரை போடப்பட்ட எங்கள் தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். மழைச்சாரல் சிறிது தெறித்திருந்தது, அவ்வளவே. கண்ணாடிபோல் மின்னிய அந்த டைல்ஸைக் கடையின் வெளிச்சத்திற் பார்த்துத் தேர்ந்தவளும் நானே. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் அவர் நடந்தார். ஆனால் தனியே நடக்கவில்லை. 'தரை நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணி, எனக்குத்தான் வயதாகிவிட்டது' என்று அவர் சொன்னது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. ஆதலின் இப்பகுதியைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கடையில் டைல்ஸைக் கண்ணாற் பார்க்கிறோம். வீட்டில் அதனைக் காலாற் பயன்படுத்துகிறோம். ஒரே ஒரு மாதிரியை வாங்கி வாருங்கள். தரையில் ஆடாதவாறு வைத்து, சோப்பு நீர் தெளித்து, சுவரைப் பற்றிக்கொண்டு வெறுங்காலை வைத்துத் தேயுங்கள். வழுக்கினால் அது சுவருக்கு ஆகும், தரைக்கு ஆகாது. மங்கிய, சொரசொரப்பான பரப்புடையவற்றையே குளியலறைக்கும் தாழ்வாரத்திற்கும் வாயிலுக்கும் கேளுங்கள். அழுக்குப் பிடிக்கும் என்பர். பிடிக்கட்டும், தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

சிவப்புக் காவித் தரை இன்னும் நன்றாக இருப்பின் அதனை உடைக்காதீர்கள். இங்குமங்கும் விரிசல் கண்ட தரையை அதே நிறக் கலவையால் அடைத்து மெருகிடலாம். உலர்ந்த கூடத்திற்கு அது மிகவும் ஏற்றது. நீர் புழங்கும் இடத்திற்கு அதுவும் வழுக்கும். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் பூக்கற்கள் இன்று பலரையும் கவர்கின்றன. கண்ணாடிப் பலகையின்மீது வண்ணச் சிமெண்டை வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே செய்யப்படுபவை அவை. நாளும் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும். ஆனால் எலுமிச்சை, புளி முதலிய புளிப்புகள் கறை செய்யும். எனவே கூடத்திற்கு இடுங்கள், சமையலறைக்கு வேண்டா. சமையலறை அலமாரிக்குக் கடப்பைக் கல்லைவிடச் சிக்கனமானது எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

வாங்கும் அளவைக் கடைக்காரரிடம் விடாமல் நாமே கணக்கிட வேண்டும். 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறையின் பரப்பு 120 சதுர அடி. இரண்டடிச் சதுரக் கல்லின் பரப்பு 4 சதுர அடி. ஆக 30 கற்கள். வெட்டுச் சேதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 33. அதன்மேல் மூன்று கற்களைப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையிற் கிடைக்காது.

முதியோர் வாழும் வீட்டில் அறைக்கு அறை ஓரங்குல மேடு பெரும் இடர். எல்லாத் தரையையும் ஒரே மட்டமாக்க முயலுங்கள். படி தவிர்க்க இயலாத இடத்தில் அதன் விளிம்பை மாறுபட்ட நிறத்தில் அமைத்தால் கண்புரை உடையவரும் அதனைக் காண்பர். படியின் உயரம் ஆறு அல்லது ஏழு அங்குலத்திற்கு மேற்படக் கூடாது; எல்லாப் படிகளும் ஒரே உயரமாதல் அதனினும் முதன்மையானது. குளியலறைக் கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் உறுதியாகப் பதித்த பின்னரே டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். துண்டு தொங்கவிடும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயர்களை முழுவதும் மாற்றி, நிலக்கம்பி இணைப்புச் செய்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். சுவர் பூசுவதற்கு முன்னரே இது முடிய வேண்டும்.

வண்ணமும் கதவும்

இப்போதுதான் வண்ணத்திற்கு வருகிறோம். அட்டையிற் காணும் சிறு கட்டத்தின் நிறம் சுவர் முழுதும் பரவும்போது மிகுந்து தோன்றும். இரண்டடிச் சதுரத்தில் பூசிக் காலையிலும் உச்சிப்பொழுதிலும் விளக்கொளியிலும் பாருங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே சிறந்தது. சிறிது மஞ்சட்காவி கலந்தால் இளஞ்சந்தன நிறம் வரும். சுவர் வெண்மையாக இருப்பின் கதவும் தூணும் தாமே அழகு பெறும்.

அக்கதவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல தலைமுறைப் பெயிண்டை நீக்கித் தேக்கின் நிறத்தை வெளிக்கொணர்தல் இன்று விருப்பமான வேலையாகிவிட்டது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படாதவாறு கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலோ தீயாற் பொசுக்கினாலோ ஈயம் தூளாகவும் புகையாகவும் பரவும். தவழும் குழந்தையின் கைவழி வாய்க்குச் செல்லும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கதவைக் கழற்றி வெளியே கொண்டுசென்று, நனைத்தே சுரண்டச் செய்யுங்கள். சுரண்டியதைக் கோணியிற் கட்டி அகற்றுங்கள். அவ்வேலை முடியும்வரை பேரக்குழந்தைகள் வேறிடத்தில் இருக்கட்டும்.

பயிற்சி

1. அடுத்த மழையின்போது வீட்டைச் சுற்றி நடந்து, நீர் தேங்கும் இடங்களைத் தாளில் வரைந்து குறிக்கவும்.

2. ஈரக்கறையின் மேல்விளிம்பில் பென்சிலாற் கோடிட்டுத் தேதி எழுதவும். மூன்று மாதங்களுக்குப் பின்னர் மீண்டும் பார்க்கவும்.

3. இரவு பத்து மணிக்கு, வீட்டின் மிக மூத்தவரோடு, அவர் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை விளக்கின்றி நடந்து பார்க்கவும். அவர் எவ்விடத்தில் சுவரைத் தொடுகிறார், எவ்விடத்தில் தயங்கி நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளவும். கைப்பிடிக் கம்பியும் விளக்கும் அமைய வேண்டிய இடங்கள் அவையே.

இம்மூன்று தாள்களையும் கொத்தனாரிடம் காட்டி மதிப்பீடு கேளுங்கள். டைல்ஸ் கடைக்கு அதன் பின்னர் செல்லலாம். செல்லும்போது அந்த மூத்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.